பேரனின் பம்பும் பேத்தியின் மல்லாட்டையும்: கோதண்டத்துக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி, வேலூர்
மார்கழி மாதம்

அன்புள்ள கோதண்டத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பள்ளியில் வீசிங் வந்ததையும், மருத்துவர் இரண்டு பம்பு (இன்ஹேலர்) எழுதிக்கொடுத்ததையும், இருமல் நின்றதும் மருமகள் அவற்றில் ஒன்றை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டதையும் எழுதியிருக்கிறாய். மூச்சு சீராக இருக்கும் பிள்ளைக்குத் தினமும் ஸ்டீராய்டு எதற்கு என்று அவள் கேட்பது நியாயமான கேள்விதான். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்த காலம் முழுவதும் அணைக்கட்டு, கணியம்பாடிப் பக்கத்துத் தாய்மார்கள் கேட்டதும் இதையேதான். பணி ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருவதால், விரிவாகவே பதில் எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

வீசிங், இழுப்பு என்றெல்லாம் நாம் சொல்வது ஆஸ்துமாவைத்தான். இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. 1969இல் விற்பனைக்கு வந்த சால்பூட்டமால் அந்த இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும்; நீலப் பம்பில் இருப்பது அதுதான். கண்ணெதிரே பலன் தெரிவதால் எல்லோரும் அதையே மருந்து என்று நம்புகிறார்கள். ஆனால் நோயின் வேர் தசையில் இல்லை, குழாயின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சியில் இருக்கிறது. நோய் லேசாக இருப்பவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோதும் அந்த அழற்சி தென்பட்டது. அதாவது, பிள்ளை ஓடி விளையாடும் நாளிலும் உள்ளே வீக்கம் இருக்கக்கூடும். மருமகள் அலமாரியில் வைத்த ஸ்டீராய்டு பம்புதான் அந்த வீக்கத்தைத் தணிப்பது.

உடனடி நிவாரணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. நியூசிலாந்தில் 1976க்குப் பிறகு இளம் வயதினரின் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. அதே ஆண்டில் அங்கு அறிமுகமான ஃபெனோடெரால் என்ற, சால்பூட்டமாலைவிட வீரியமான பம்புக்கும் அந்த இறப்புகளுக்கும் உள்ள தொடர்பை 1989இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்புகள் குறைந்தன. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மருந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. முந்தைய ஓராண்டில் ஒருவர் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்து வழங்கும் சன்னலில் நாற்பது ஆண்டு நின்றவனுக்குத்தான் தெரியும், ஒரு பம்பு தீர்ந்தபின் அடுத்ததை வாங்க வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று.

2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது. 12 வயதுக்கு மேற்பட்ட லேசான ஆஸ்துமா நோயாளிகளில் ஒரு சாராருக்குத் தேவைப்படும்போது தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு, அதேபோல் தேவைப்படும்போது, புடெசொனைடு என்ற ஸ்டீராய்டும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் ஒன்றாகச் சேர்ந்த பம்பு தரப்பட்டது. இரண்டாம் சாராரிடம் கடுமையான இழுப்பு 64 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டே ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் குழு, நிவாரணப் பம்பை மட்டும் தனியாகத் தரும் வழக்கத்தைப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. உன் பேரனுக்கு எட்டு வயது என்பதால் அவனுக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை அவனுடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அழற்சியைத் தணிக்காமல் விடக்கூடாது என்பது அவன் வயதுக்கும் பொருந்தும். உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆஸ்துமா இறப்புகளிலோ நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் நம் நாட்டில் நிகழ்வதாக 2019ஆம் ஆண்டுக் கணக்கீடு சொல்கிறது. இந்த இடைவெளியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

ஸ்டீராய்டு அச்சத்துக்கு வருகிறேன். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது. பம்பின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. ஸ்டீராய்டிலும் இதே கணக்குதான்: மாத்திரை மில்லிகிராமில், பம்பு மைக்ரோகிராமில். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு குறைவே போதுகிறது. பின்விளைவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் புடெசொனைடு எடுத்த பிள்ளைகளை வளர்ந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தபோது, சராசரி உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓடும் இரவுகளோடு அதை வைத்துப் பார்த்தால் நான் எதைத் தேர்வேன் என்பது உனக்குத் தெரியும். பம்பை ஸ்பேசரில், அதாவது மருந்து சிதறாமல் உள்ளே போக உதவும் குழாயில், பொருத்தி இழுக்கச் சொல். இழுத்த பின் வாய் கொப்பளிக்கவும் சொல். இவற்றைச் செய்யாமல் பம்பு பலிக்கவில்லை என்று சொல்பவர்களே அதிகம்.

இப்போது ஓமலிசுமாப் முதலிய ஊசிகள் வந்துள்ளன. கடுமையான ஆஸ்துமாவில் அவை பெரும் பயன் தருபவை. ஆனால் அவற்றின் விலை நம்மவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆகவே கைக்கெட்டும் பம்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

பேத்தியின் விஷயமும் வேறு வகையில் இதே அச்சம்தான். கன்னத்தில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) இருப்பதால் ஒவ்வாமை வந்துவிடும் என்று பயந்து, அமெரிக்காவில் உள்ள அக்காள் சொல்லைக் கேட்டு, மூன்று வயதுவரை வேர்க்கடலையே, அதாவது நம் மல்லாட்டையே, கூடாது என்று மருமகள் முடிவு செய்திருக்கிறாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000இல் சொன்னது அதுதான். 2008இல் அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். கடலை கலந்த தின்பண்டத்தைச் சிறு வயதிலேயே உண்ணும் இஸ்ரேல் பிள்ளைகளைவிட, அதே யூத இனத்துப் பிரிட்டன் பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை சுமார் பத்து மடங்கு இருப்பதை லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு அவ்வாண்டே காட்டியது. பிறகு அவர்கள் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடலை உணவு தந்து, மற்றதற்கு ஐந்து வயதுவரை தவிர்த்தனர். தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தென்படாதவர்களில், தவிர்த்தோரில் 13.7 விழுக்காட்டினருக்கும் உண்டோரில் 1.9 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை வந்தது. 2015இல் இந்த முடிவு வெளியானது.

நம் ஊர் மல்லாட்டைக் காட்டில் வளர்ந்த நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி என்றாலும், நீயாக எதையும் ஊட்டிவிடாதே. கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அவர் சம்மதித்தால், நைசாக அரைத்துக் கஞ்சியில் குழைத்துத் தரலாம். முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் என்பதால் ஐந்து வயதுவரை கூடாது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். போகியன்று இங்கே விடியற்காலையிலேயே தெருவெங்கும் பழைய பாயும் டயரும் கொளுத்துகிறார்கள். பனியோடு கலந்து அந்தப் புகை வெயில் ஏறும்வரை கலையாது. ஆகவே போகி கழிந்த மறுநாள் கிளம்புங்கள். பாலாற்றங்கரைச் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பையனை அந்தப் பக்கம் விளையாட விடவேண்டாம். இரண்டு பம்பும் ஸ்பேசரும் பெட்டியின் அடியில் போகாமல் மருமகளின் கைப்பையில் இருக்கட்டும். மருத்துவர் எழுதிய சீட்டையும் கொண்டு வா; அவன் எப்படி இழுக்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ஏகாம்பரம்