அன்னபூரணிக்காக உழைத்த எல்லோருக்கும்

இலங்கையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்கா வரை போயிருக்கிறது என்று இங்கே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுக்கதை என்றுதான் நினைக்கிறார்கள். இனிமேல் காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. அன்னபூரணி என்ற அந்தக் கப்பலைப் பற்றிய தொகுப்பை முடித்துவிட்டோம். அது என் ஒருவனால் ஆன வேலை இல்லை.

முதல் நன்றி விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் எனக்கு உதவிய நூலகருக்கு. அன்னபூரணி என்று எப்படி எழுத்துக்கூட்டித் தேடினாலும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒன்றும் அகப்படவில்லை. கப்பலை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதற்குத் தன் மனைவி பெயரை வைத்துவிட்டார், ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று தேடிப் பாருங்கள் என்றார் அவர். அங்கேதான் வழி திறந்தது. நான் தேடியது பழைய பெயரை, பத்திரிகைகளில் இருந்தது புதுப்பெயர், இரண்டும் ஒரே கப்பல் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராபின்சன் சாதாரண ஆள் இல்லை, 32 அடியே நீளமான ‘ஸ்வாப்’ என்ற படகில் 1928 முதல் 1931 வரை உலகத்தையே சுற்றியவர். கடலை அவ்வளவு தெரிந்த ஒருவர் தேடி வந்து வாங்கியது நம்மவர்கள் வேப்பமரத்தில் கட்டிய கப்பலை என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாஸ்டனில் படிக்கும் அக்கா மகளுக்கு அடுத்த நன்றி. படிப்புக்கு நடுவே பக்கத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கே போய், 1938 ஆகஸ்ட் 1 அன்று கப்பல் அங்கே சேர்ந்ததைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைப் படியெடுத்து அனுப்பினாள். 1937இல் இலங்கையை விட்டு, சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று அட்லாண்டிக்கையும் தாண்டிய பயணம் அது.

அப்புறம் கல்லாங் பக்கம் படகுப் பட்டறையில் முன்பு வேலை பார்த்த பெரியவர். கோப்பிக் கடையில் உட்கார்ந்து, கப்பலின் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, பலகை இடுக்கில் நாரைத் திணித்து உளியால் அடித்து இறுக்குவது, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது, தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறி இடுக்கு தானாக இறுகுவது, எல்லாம் சொல்லித் தந்தார். இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஐயா, உங்களைப் பேச வைத்துப் பதிவு செய்ததுதான் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் அறிமுகமான அம்மம்மாவை எப்படி மறப்பேன்! ஆங்கிலப் பத்திரிகைகளில் உருத்தெரியாமல் கிடந்த மாலுமிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தண்டையல் (மாலுமிகளின் தலைவர்) தம்பிப்பிள்ளை உட்பட ஐந்து வல்வெட்டித்துறைக்காரர்களையும் சரியான தமிழ்ப் பெயரில் எழுத வைத்தவர் அவர். கப்பலைக் கட்டிய சுந்தரம் மேத்திரியாரின் பெயரை முதலில் எழுது என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரே. முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது, அம்மம்மா.

தட்டச்சு செய்த தம்பிக்கும் பிழை பார்த்த ஆசிரியருக்கும் என் அன்பு. இந்தக் கப்பலில் போனவர்களின் படமோ கடிதமோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறேன்.