உலகம் படித்து முடித்த பிறகு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் மகன் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உலகத்தின் டாப் டென் கிரிக்கெட் வீரர்களாம். யாருக்கு எத்தனை கோடி ஃபாலோயர்கள் என்பதை வைத்து வரிசை போட்டிருக்கிறான். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் அதில் இல்லை. 2001-இல் இறந்துபோன மனிதருக்கு ஏது இன்ஸ்டாகிராம்! கீழே, "இவங்கெல்லாம் எப்படி இவ்ளோ பெரிய ஆளானாங்க பாட்டி?" என்று ஒரு கேள்வி. நீ பதில் சொல்லிப் பார்த்ததாகவும், திறமை, உழைப்பு, தன்னம்பிக்கை என்று அது ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி ஆகிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஆகத்தான் செய்யும். உழைக்காமல் யார் டெஸ்ட் ஆடினார்கள்? இரண்டு டெஸ்டோடு காணாமல் போனவர்களும் விடியற்காலையில் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள்தான்.

என்னிடம் வேறொரு அளவுகோல் இருக்கிறது. புதிதாக வரும் ஆட்டக்காரரை எதிரணிக்குத் தெரியாது. ஓரிரு வருடம் அடித்துக் குவிப்பார், இல்லை விக்கெட்டாக அள்ளுவார். அதற்குள் அவருடைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, பந்து எங்கே விழுந்தால் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் எல்லாரும் அங்கேயே போடுவார்கள். பாதிப் பேரின் கதை அங்கே முடிந்துவிடும். உலகம் தன்னைப் படித்து முடித்த பிறகு அந்த ஆள் என்ன செய்தார்? நான் பார்ப்பது அதைத்தான்.

சச்சினையே எடுத்துக்கொள். 34,357 சர்வதேச ரன்கள், நூறு சதங்கள், 200 டெஸ்ட் என்று எண்களைக் குட்டி மனப்பாடமாகச் சொல்வான். நான் அவனுக்குக் காட்ட நினைப்பது 2004 ஜனவரி, சிட்னி டெஸ்ட். அந்த ஆஸ்திரேலியத் தொடரில் அதுவரை சச்சின் ஆடியது சச்சின் மாதிரியே இல்லை. பிரிஸ்பேனில் ரன்னே எடுக்காமல் அவுட், மெல்போர்னில் முதல் பந்திலேயே அவுட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் துரத்திக் கெடுகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. சிட்னியில் அவர் எடுத்த முடிவு எளிமையானது, ஆனால் கொடூரமானது: ஆஃப் பக்கம் பந்தை ஓட்டும் கவர் டிரைவ் அடிப்பதில்லை. உலகமே காசு கொடுத்துப் பார்க்க வந்த ஷாட் அது. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். வெளியே வெளியே போட்டு ஆசை காட்டினார்கள், விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். பொறுமையிழந்து அவர்கள் உள்ளே போட்டதையெல்லாம் லெக் பக்கம் தள்ளினார். பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று 241, நாட் அவுட். பார்க்க அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அவர் ஆடியதிலேயே அழகு குறைந்த பெரிய இன்னிங்ஸ் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தானே பூட்டிவைத்துவிட்டு அத்தனை நேரம் நிற்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்று யோசி.

சச்சினை ஒருகாலத்தில் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து முகாமில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி திருப்பி அனுப்பினார், பேட்டிங்கைப் பார் தம்பி என்று. அந்த லில்லியின் கதையும் இதே வகைதான். 1973-இல் வெஸ்ட் இண்டீஸ் போனபோது அவருக்கு முதுகெலும்பில் விரிசல் விட்டது. வேகம் ஒன்றையே நம்பியவருக்கு முதுகு போனால் என்ன மிச்சம்? உடம்புக்கு மாவுக்கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. 1974-75-இல் ஆஷஸ் என்கிற ஆஸ்திரேலியா–இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் தாம்சனோடு சேர்ந்து இங்கிலாந்தை ஆட்டிவைத்தார். வயது ஏற ஏற வேகத்தைக் குறைத்து, தரையில் பட்டு விலகும் கட்டர், காற்றில் வளையும் ஸ்விங், பேட்ஸ்மேனின் மனசைப் படிப்பது என்று வேறு பந்துவீச்சாளராகவே ஆகிவிட்டார். நியூசிலாந்தின் ஹாட்லி ஓடி வரும் தூரத்தையே குறைத்துக்கொண்டார். முதலில் கேலி செய்தார்கள். டெஸ்டில் 400 விக்கெட்டை முதலில் தொட்டவர் அவர்தான், 1990-இல்.

ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் வார்ன் இந்தக் கணக்கில் தலைகீழ். அவரை முதல் டெஸ்டிலேயே படித்துவிட்டார்கள். 1992 சிட்னி, நம் அணிக்கு எதிராக, 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். அந்த ஒன்றும் சாஸ்திரி 206 அடித்து முடித்த பிறகு கிடைத்தது. தடித்த உடம்பு, வெளுத்த முடி, கையில் சிகரெட். இவன் தேற மாட்டான் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. டெர்ரி ஜென்னர் என்ற முன்னாள் லெக் ஸ்பின்னர் அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்ட். ஆஷஸில் அவர் போட்ட முதல் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து இங்கிலாந்தின் கேட்டிங்கின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. கேட்டிங்கின் முகத்தைக் குட்டிக்குக் காட்டு, ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். ஆனால் எனக்குப் பிடித்த வார்ன் 2005 ஆஷஸில் வந்தவர். தோளிலும் விரலிலும் அறுவை சிகிச்சை ஆன பிறகு ஃப்ளிப்பர், கூக்ளி என்ற பழைய ஏமாற்றுப் பந்துகள் முன்போல வரவில்லை. பெரும்பாலும் லெக் பிரேக், நேராகப் போகும் பந்து, மீதி நாடகம். அம்பயரைப் பார்ப்பது, ஃபீல்டரை இரண்டடி நகர்த்துவது, புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகப் பேட்டி கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு தோற்ற தொடரில் 40 விக்கெட்! கடைசிக் கணக்கு 708.

இலங்கையின் முரளிதரனைப் பற்றி, நம் முரளியைப் பற்றி மட்டும் நான் நடுநிலையாக எழுதப்போவதில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். 1995-ல் மெல்போர்னில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் அம்பயர் டாரல் ஹேர் திரும்பத் திரும்ப நோ பால் கொடுத்தார். பந்தை எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. மணிக்கட்டு மட்டும் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சுழலும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு எறிவதுபோலத் தெரிந்தது. சோதனைக்கூடத்துக்குப் போனார், மறுபடி போனார். 2004-ல் கை மடங்காதபடி பிரேஸ் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் தன் பந்துகளைப் போட்டுக் காட்டினார். அளந்து பார்த்ததில் சுத்தமான கை என்று பேர் வாங்கிய பல பந்துவீச்சாளர்களுக்கும் முழங்கை ஓரளவு நிமிர்வது தெரிந்தது. 15 டிகிரி வரை எல்லாருக்கும் அனுமதி என்று விதி வந்தது. மற்றவர்களுடைய ஆட்டத்தைத்தான் உலகம் படித்தது. இவருடைய எலும்பையே படித்தது. அந்த அவமானத்தில் ஒருவன் கசந்துபோயிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே வந்து அடுத்த ஓவரைப் போட்டார். 2010-ல் இலங்கையின் காலி நகரில் நம் அணிக்கு எதிராக ஆடும் டெஸ்ட்தான் கடைசி என்று அறிவித்தபோது கையில் இருந்தது 792 விக்கெட். எட்டு எடுத்த பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் சொல்லவில்லை. ஓஜாவை அவுட் ஆக்கி 800-ஐ எட்டியது டெஸ்டில் அவர் போட்ட கடைசிப் பந்து.

குட்டியின் ஹீரோ கோலிக்கு வருகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான். 2014 இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன். வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் அவரை நான்கு முறை அவுட் ஆக்கினார், அநேகமாக ஒரே மாதிரிப் பந்தில். இவன் கதை முடிந்தது என்று பேசினார்கள். 2018-இல் திரும்பிப் போனபோது நிற்கும் விதத்தை மாற்றி, கிரீஸுக்கு வெளியே வந்து நின்று, வெளியே போகும் பந்தை முடிந்தவரை விட்டு ஆடினார். 593 ரன். அந்தத் தொடர் முழுக்க ஆண்டர்சனிடம் ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை. எட்ஜ்பாஸ்டனில் ஸ்லிப்பில் ஒரு கேட்ச் நழுவியது உண்மைதான். அதிர்ஷ்டமும் வேண்டும், அதை மறைத்துக் குட்டிக்குச் சொல்லாதே. ஃபாலோயர்கள் எண்ணிக்கையில் இந்த நான்கு வருட இடைவெளி தெரியாது.

இனி பிராட்மன். டெஸ்டில் 50 சராசரி வைத்தாலே பெரிய ஆள் என்கிறோம், அவருடையது 99.94. சின்ன வயதில் பவ்ரல் என்ற ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வரும்போது ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். 1932-33-இல் அவரை நிறுத்த இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் ஒரு திட்டமே தீட்டினார்: லார்வுட் உடம்பைப் பார்த்து வேகமாகப் போட வேண்டும், லெக் பக்கம் ஃபீல்டர்கள் மொய்த்து நிற்க வேண்டும். பாடிலைன் என்று பேர் வந்த தொடர். பிராட்மன் லெக் பக்கம் ஒதுங்கி, ஆள் இல்லாத ஆஃப் பக்கம் வெட்டினார். பயந்து ஒதுங்குகிறார் என்று எழுதினார்கள். அந்தத் தொடரில் அவர் சராசரி 56. ஒரு மனிதனைத் தடுக்கத் தனியாகத் திட்டம் தீட்டி, விதிகளையே மாற்ற வேண்டிய அளவுக்குப் போய், கிடைத்தது மற்றவர்களுக்கு வாழ்நாள் பெருமையாக இருக்கக்கூடிய ஒரு சராசரி. 1948 ஓவலில் கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்திருந்தால் சரியாக நூறு. ஹோலிஸ் இரண்டாவது பந்தில் பௌல்டாக்கிவிட்டார்.

என் கணக்கில் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். வெஸ்ட் இண்டீஸின் விவியன் ரிச்சர்ட்ஸை யாரும் படிக்கவே இல்லை. படிக்க நேரம் கொடுத்தால்தானே! ஹெல்மெட் இல்லாமல், சூயிங்கம் மென்றுகொண்டு மெதுவாக நடந்து வருவார். பந்துவீச்சாளர் பாதி அங்கேயே செத்துவிடுவார். அதே வெஸ்ட் இண்டீஸின் சோபர்ஸ் 21 வயதில் தன் முதல் டெஸ்ட் சதத்தையே 365 நாட் அவுட்டாக அடித்தவர். வேகமும் போடுவார், இரண்டு விதச் சுழலும் போடுவார், எங்கு நிறுத்தினாலும் கேட்ச் பிடிப்பார். இவர்களுக்குக் காரணம் தேடினால் நமக்குத்தான் தலைவலி.

உங்கப்பாவுக்கு வெஸ்ட் இண்டீஸின் லாராவைச் சொல்லாவிட்டால் ஆகாது. டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் அடித்த 375, 400 எல்லாம் இருக்கட்டும். 2001-இல் இலங்கையில் மூன்று டெஸ்டில் முரளியின் சுழலுக்கு எதிரே 688 ரன் அடித்தார், அணியோ மூன்றிலும் தோற்றது. லாரா சுயநலக்காரர் என்று நான் சொன்னால் அப்பா இந்தத் தொடரை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். நானோ, அத்தனை ரன்னும் தனி ஆளாகத்தானே என்பேன். வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.

இன்னொன்று. குட்டியின் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை, நீயும் கவனிக்கவில்லை. மிதாலி ராஜ் 1999-இல் 16 வயதில் முதல் ஒருநாள் போட்டியிலேயே சதம் அடித்தார். 2022 வரை ஆடி, ஒருநாள் போட்டிகளில் மட்டும் 7,805 ரன். ஆரம்ப வருடங்களில் முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் கிட்டோடு பயணம் செய்தவர்கள் அவர்கள். வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட். கோலியின் குறையைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டமே உட்கார்ந்தது. இவர்களுடைய ஆட்டத்தைப் பல வருடம் டிவியில்கூடக் காட்டவில்லை. யாரும் பார்க்காதபோதும் தன் குறையைத் தானே தேடிச் சரிசெய்துகொண்டு இருபது வருடம் தாக்குப்பிடிப்பது இன்னும் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியபோது மிதாலி, ஜூலன் கையிலும் அதைக் கொடுத்தார்கள் பார், அது சரியான காரியம்.

புகழைப் பற்றிக் குட்டி கேட்டால் கபில் தேவைச் சொல். 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக 9 ரன்னுக்கு 4 விக்கெட் போன பிறகு வந்து, 17-க்கு ஐந்தாவதும் போன பிறகும் நின்று 175 அடித்தாரே, அதன் வீடியோ கிடையாது. பி.பி.சி. ஊழியர்கள் அன்று வேலைநிறுத்தம் என்பார்கள். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அது இத்தனை வருடம் நிற்கிறது.

சனி, ஞாயிறில் நேரம் கிடைக்கும்போது சச்சினின் அந்தச் சிட்னி ஆட்டத்தை அவனுக்குப் போட்டுக் காட்டு. ஹைலைட்ஸ் வேண்டாம். ஹைலைட்ஸில் பவுண்டரியை மட்டும் வைத்துக்கொண்டு, விட்ட பந்துகளை வெட்டிவிடுவார்கள். அந்த இன்னிங்ஸே விட்ட பந்துகளில்தான் இருக்கிறது. அரைமணி நேரத்தில் கொட்டாவி விட்டால், லாராவின் 1999 பிரிட்ஜ்டவுன் 153-ஐப் போடு. 308 இலக்கு, கடைசியில் எதிர்முனையில் வால்ஷ், ஒரு விக்கெட்டில் வெற்றி. அதற்கு யாரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பா பின்னால் நின்று படித்துவிட்டு, வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல் இல்லாமல் இது என்ன கடிதம் என்கிறார். 1984 ஹெடிங்லியில் இடது கட்டைவிரல் முறிந்து, கட்டோடு வந்து ஒற்றைக் கையால் பேட் பிடித்தார், எதிர்முனையில் கோம்ஸ் சதம் அடிக்க வேண்டுமே என்று. அப்புறம் அதே கட்டோடு பந்து போட்டு 53 ரன்னுக்கு ஏழு விக்கெட். சேர்த்துவிட்டேன்.