எங்களோடு நின்றவர்களுக்கு: கொட்டான் குழுவின் நன்றி மடல்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குழுவில் கொட்டான் என்னும் ஓலைக் கூடை பின்னும் தங்கை ஒருவர் இப்போது வாழ்க்கைப்பட்ட வீட்டிலேயே, பிள்ளைகளோடு, அடி உதை இல்லாமல் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அவருக்காக அலைந்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்பது குழுவின் ஆசை.

முதலில் எதிர்வீட்டு ஆச்சி. "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கென்ன" என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்ட இரவில், நேராகப் போய்க் கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்டவர் அவர். அந்த நேரத்து அடி அதோடு நின்றது. அப்புறம் தாயையும் பிள்ளைகளையும் தன் வீட்டு இரண்டாம் கட்டில் தங்க வைத்தார். ஆச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அன்றிரவே 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்த கல்லூரி மாணவிக்கும், அந்தப் பக்கம் பொறுமையாகப் பேசிய சகோதரிக்கும் நன்றி.

சிவகங்கையிலிருந்து வந்த பாதுகாப்பு அலுவலர் அம்மா சொன்ன பிறகுதான் எங்களுக்கே பல விஷயங்கள் புரிந்தன. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. பெண்ணின் சம்பாத்தியத்தைப் பிடுங்குவது, செலவுக்குத் தராமல் வைத்திருப்பது, நகையை அவருக்குத் தெரியாமல் விற்பது எல்லாமே பொருளாதார வன்முறைதான். குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, விரல் தேயப் பின்னிய கூலி அத்தனையும் அந்த வீட்டில் வேறு ஒருவர் பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை வன்முறை என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அதை நீதிமன்றத்தில் காட்ட உதவியது எங்கள் கணக்கு நோட்டு. யாருக்கு எத்தனை கொட்டான், எவ்வளவு கூலி, யார் வாங்கிப் போனார் என்று ஒரு வாரம்கூட விடாமல் எழுதி வைத்த எங்கள் கணக்காளருக்கு நன்றி. எதற்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று அவரைக் கேட்காதவர்கள் குழுவில் இல்லை!

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வந்த வழக்கறிஞர் அம்மா ஒரு ரூபாய் வாங்கவில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதை எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியே போ என்றபோது, யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கத் தங்கைக்கு உரிமை உண்டு என்று வாதாடி இடைக்கால உத்தரவு வாங்கித் தந்தார்.

குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கைத் தங்கை பெயரிலேயே தொடங்கித் தந்த வங்கி ஊழியர், கூலியை இனி அந்தக் கணக்கில்தான் போடுவேன் என்று உறுதியாக நின்ற காரைக்குடி கடைக்காரர் அண்ணன், இருவருக்கும் நன்றி.

தங்கையின் கூடப்பிறந்த அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன பங்கு" என்று கேட்டுத் தங்கையிடம், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதுதான் நம் பக்கத்தில் பழக்கம். தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுவதும் 2005-லும், குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தாயிற்று. ஆகவே அவர் கொடுத்தது தானம் இல்லை, தங்கையின் பங்கு. ஆனாலும் யாரும் கேட்காமலே பாகப் பிரிவினைப் பத்திரத்தில் தங்கை பெயரைச் சேர்த்துப் பதிவு செய்தாரே, அந்த மனசுக்கு எங்கள் கும்பிடு.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஜீவனாம்சம் பற்றிய உத்தரவு வர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பின்னல் வேலையை விட்டுவிட்டு முறை வைத்துத் துணைக்குப் போகும் குழுப் பெண்களுக்கும், அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் சோறாக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டுக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
குழுவின் செயலாளர்