ஆன்மிக அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்: போன் இல்லாமல் வர ஒரு வழி விடுங்கள்

தியானமும் வழிபாடும் சொல்லித்தரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மனம் அடங்கும் என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் எங்களில் பலர் உங்களிடம் வருகிறோம். சொல்வது சரிதான். ஆனால் வந்த முதல் நாளே ஆப்பை இறக்கச் சொல்கிறீர்கள், அப்புறம் குழுவில் சேர்க்கிறீர்கள். வகுப்பு நேரம் அதில்தான் வரும், இடம் மாறினாலும் அதில்தான் தெரியும். போனை விட்டு விலக நினைப்பவருக்கு உங்களிடமே இடமில்லாமல் போகிறது.

காலைத் தியானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கப்போவது போன் என்பதால் அது பாய்க்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு முறை அதிர்ந்தால் போதும், யாராக இருக்கும் என்ற கேள்வி மூச்சிலிருந்து மனத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அதிராவிட்டாலும் காது அங்கேதான் இருக்கும். மணி அடித்துக் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது, இத்தனை நாள் விடாமல் செய்திருக்கிறீர்கள் என்ற எண்ணிக்கை. அதற்குக் கீழே, எல்லோருக்கும் பகிரச் சொல்லும் பொத்தான். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். மறுநாள் உட்கார வைப்பது பக்தியா, அந்தப் பூஜ்யத்தின் மேல் உள்ள பயமா?

இந்த உத்திகள் எங்கிருந்து வந்தன என்பது ரகசியமில்லை. தள்ளத் தள்ள முடிவே வராத பக்கத்தை 2006-ல் வடிவமைத்த அஸா ராஸ்கின், அதன் விளைவுகளுக்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவரான ஷான் பார்க்கர், பயனர்களின் நேரத்தையும் கவனத்தையும் முடிந்த மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்பதே தங்கள் யோசனையாக இருந்தது என்று 2017-ல் சொன்னார். கவனத்தைப் பறிக்கச் செய்த உத்தியை, கவனத்தைப் பழக்குகிறவர்கள் கையில் எடுக்கக் கூடாது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் கூடாது.

போனை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் அமைதி வந்துவிடாது என்பதும் உண்மை. 2014-ல் உளவியலாளர் டிமோதி வில்சனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெறும் அறையில் 15 நிமிடம் தன் எண்ணங்களோடு மட்டும் இருக்க வேண்டும், விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தனக்குத் தானே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேர் அதை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினம். அதற்குத் துணை வேண்டும் என்றுதான் உங்களிடம் வருகிறோம்.

எல்லோரும் சேர்ந்து போனை விடும்போது இது எளிதாகிறது. யூதர்களில் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை போனைத் தொடுவதில்லை. சுற்றியிருப்பவர்களும் தொடாததால் பதில் வரவில்லையே என்று யாரும் கோபிப்பதில்லை. எஸ்.என். கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா தியான முகாம்களில் போனை ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் நிர்வாகத்தைத் தொடர்புகொள்ளலாம். அந்த ஏற்பாடு இருப்பதால்தான் மனம் துணிகிறது.

ஆனால் முகாம் முடிந்து போன் கைக்கு வரும் அந்த மாலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. படிக்காத செய்திகள் வரிசையாகக் கொட்டும், ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் போடக் கை பரபரக்கும். எதைத் திறப்பது, எதை மறுநாளுக்கு விடுவது, எந்த ஆப்பைத் திரும்பவும் ஏற்றாமலே இருப்பது என்று கடைசி நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாலே பெரிய உதவி.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் நேரலை வேண்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் கேட்கிறேன். மாத நிகழ்ச்சிகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். குழுவில் தினம் வரும் பொன்மொழிப் படங்களை நிறுத்திவிட்டு, தகவல் இருந்தால் மட்டும் வாரம் ஒரு முறை அனுப்புங்கள். ஆப்பிலிருந்து அந்த எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள். தியானக் கூடத்துக்கு வெளியே போன் வைக்க ஓர் அலமாரி வையுங்கள். ஆசிரியர்களும் தொண்டர்களும் தங்கள் போனை அதில் முதலில் வைக்கட்டும். அடுத்த முகாமுக்கான பதிவை ஆப்பில் மட்டுமல்லாமல் நேரிலும் கடிதத்திலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளுக்கு வரும் ஒருவர்