கடலடி அளவுகளைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடற்படைத் தலைமைகளுக்கும், எண்ணெய், கேபிள், கனிமத் தேடல் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் 21, உலக நீரளவியல் நாளை ஒட்டி ஒரு கணக்கு வெளியாகும். உலகக் கடலடியில் எவ்வளவு நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. உலகக் கடலடி முழுவதையும் வரைபடமாக்கும் சர்வதேசத் திட்டமான சீபெட் 2030, 2017இல் தொடங்கியபோது 6 சதவீதம். 2025இல் 27.3 சதவீதம். கெடு வருடம் பெயரிலேயே இருக்கிறது. மிச்சம் முழுவதையும் இனிமேல்தான் கப்பல் போய் அளக்க வேண்டும் என்றால் நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே அளந்து முடித்ததில் ஒரு பகுதி உங்கள் பெட்டகங்களில் தூங்குகிறது. அது உங்களுக்கே தெரியும். கேட்பது ஒன்றுதான்: அந்த அளவுகளை வெளியிடுங்கள்.

2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு காணாமல் போன எம்எச்370 விமானத்தை நினைத்துப் பாருங்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடுவது என்று முடிவானது. தேடுகருவியை ஆழத்தில் இழுத்துச் செல்ல வேண்டுமானால் கீழே எங்கே மலை, எங்கே பள்ளம் என்று தெரிய வேண்டுமே. அந்தப் பரப்புக்குப் பெரும்பாலும் இருந்தது செயற்கைக்கோள் உத்தேசம்தான். நீருக்கடியில் மலை இருந்தால் அதன் ஈர்ப்பால் மேலே கடல்மட்டம் சற்றே புடைக்கும்; அந்தப் புடைப்பை வைத்து ஆழத்தைக் கணிப்பார்கள். பல கிலோமீட்டர் அகலமுள்ள மலை தெரியும், செங்குத்துப் பாறை தெரியாது. ஆகவே முதலில் கப்பல்கள் போய் மாதக்கணக்கில் தரையை அளந்தன. ஆழ்கடல் தேடல் அக்டோபரில்தான் தொடங்கியது. உறவினர்கள் கரையில் காத்திருக்க, வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். அப்படி அளந்த பிறகும் 2016இல் ஒரு கருவி சேற்று எரிமலை ஒன்றில் மோதிக் கயிறு அறுந்து விழுந்தது. விமானம் கிடைக்கவில்லை. ஆனால் அளந்த இரண்டே முக்கால் லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேலான பரப்பின் தரவை 2017இல் பொதுவில் வைத்தார்கள். துக்கத்தில் கிடைத்ததைக்கூட மறைக்காமல் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரகசியம் ஒன்றும் உங்கள் கண்டுபிடிப்பு அல்ல. போர்ச்சுக்கல் அரசு தன் மாலுமிகள் கண்ட கரைகளையெல்லாம் லிஸ்பனில் ஒரே மூலப்படத்தில் குறித்துக் காவல் வைத்திருந்தது. 1502இல் ஃபெராரா பிரபுவின் ஆள் கான்டீனோ, 12 தங்கக் காசுக்கு ஒரு படத்தை வெளியே கடத்திவிட்டார். காவலில் இருந்த மூலப்படம் இன்று இல்லை. கடத்திப் போனது இத்தாலியின் மோடெனா நூலகத்தில் இருக்கிறது, அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இறைச்சிக் கடையிலிருந்து மீட்கப்பட்டு. வரலாற்றுக்கு உதவியது காவலாளியா, கடத்தியவரா என்று நீங்களே சொல்லுங்கள்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை விரிவான ஆழ அளவுகளை ரகசியமாக்கியது. அமெரிக்கக் கடலாய்வாளர்கள் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் சமஆழக் கோடுகளை (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) வெளியிட முடியாமல், தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படிக் கடலடியைக் கையால் வரைந்தார்கள். 1957இல் வெளிவந்த அந்த வட அட்லாண்டிக் படம் அழகானதுதான். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்ன? 1985இல் ஏவப்பட்ட ஜியோசாட் என்ற, கடல்மட்டத்தை அளந்த அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோளின் தரவும் அப்படித்தான். ஐரோப்பியச் செயற்கைக்கோள் அதே அளவுகளை எடுத்து முடிக்கும்வரை பூட்டு. 1995இல் முழுமையாகத் திறப்பு. அடுத்தவருக்கும் தெரிந்த பிறகு திறப்பதைத் தாராளம் என்று யாரும் சொல்வதில்லை.

பாதுகாப்பு என்பீர்கள். போட்டி நிறுவனம் பார்த்துவிடும் என்பீர்கள். சரி, உங்கள் நீர்மூழ்கி ஒளியும் பள்ளத்தை யாரும் கேட்கவில்லை. 3,000 மீட்டருக்கும் கீழே 400 மீட்டர் சதுரக் கட்டத்துக்கு ஓர் ஆழ அளவு போதும் என்றுதான் சீபெட் 2030 கேட்கிறது, 5,750 மீட்டருக்கும் கீழே 800 மீட்டர். அந்த அளவில் ஒரு முழுக் கப்பலே ஒற்றைப் புள்ளிக்குள் காணாமல் போகும். எண்ணெய்க் கிணறு எங்கே தெரியப் போகிறது? கேபிள் போட்டு முடித்த வழித்தடத்தின் ஆழத்தில் என்ன வணிக ரகசியம் மிஞ்சியிருக்கிறது? செவ்வாயின் பள்ளங்களை இதைவிட நுணுக்கமாக யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அங்கே போட்டி நிறுவனம் இன்னும் வரவில்லை போலும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்படைகளுக்கு ஒரு கடற்படை அதிகாரியையே நினைவூட்டுகிறேன். மேத்யூ மோரி, கப்பல் தலைவர்களிடம் 'உங்கள் நாட்குறிப்பை அனுப்புங்கள், காற்று, நீரோட்ட வரைபடம் இலவசமாகத் தருகிறேன்' என்றார். அனுப்பினார்கள். 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் உட்கார்ந்து, கடலில் பார்த்ததை ஒரே முறையில் குறித்துப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன. ஒன்றோடொன்று போட்டியிட்ட நாடுகள்தான் அவையும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க முடியாதென்றால் ஆழ்கடலில் தொடங்குங்கள். இருபது, முப்பது வருடம் பழைய அளவுகளை முதலில் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் எந்தெந்தப் பரப்பை அளந்திருக்கிறீர்கள் என்ற எல்லைக்கோட்டையாவது சொல்லுங்கள்; அளந்த இடத்துக்கே இன்னொரு கப்பல் எரிபொருள் செலவழித்துப் போகாமலிருக்கும். அளவுகளை வெளியிடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஜூன் 21க்கு முன்னால் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
வரைபட வரலாறு படிக்கும் வாசகன்