லிஸ்கம் பே கப்பலையும் சொல்லுங்கள்: அமெரிக்கக் கடற்படைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடற்படைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டப்பட்டுவரும், சிவிஎன்-81 என்னும் எண் கொண்ட விமானந்தாங்கிக் கப்பலுக்கு டோரிஸ் மில்லரின் பெயரைச் சூட்டுவதாகத் தங்கள் துறை 2020 ஜனவரியில் அறிவித்தது. ஹவாயிலுள்ள பேர்ள் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய அன்று, வெஸ்ட் வர்ஜீனியா போர்க்கப்பலில் காயமுற்றோரைச் சுமந்து, தமக்குப் பயிற்சியே தரப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியையும் இயக்கிய அந்தச் சமையலறைப் பணியாளர், கடற்படைச் சிலுவை என்னும் வீரப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த நாளோடு நின்றுவிடுகிறது. அவர் எந்தக் கப்பலில், எப்படி இறந்தார் என்பதும் அதே இடத்தில் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

அவர் இறந்த லிஸ்கம் பே ஒரு வழித்துணை விமானந்தாங்கிக் கப்பல், அதாவது சிறிய வகை விமானந்தாங்கி. வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் கைசர் நிறுவனம் வணிகக் கப்பல்களைக் கட்டும் வேகத்தில் கட்டித் தள்ளிய 50 காசாபிளாங்கா வகைக் கப்பல்களுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 19 நாட் (மணிக்குச் சுமார் 35 கி.மீ.) வேகம், மெல்லிய உடற்சுவர். 1943 ஆகஸ்ட் 7 அன்று பணியில் சேர்ந்த அக்கப்பலுக்கு, பசிபிக் கடலின் கில்பர்ட் தீவுகளில் மாக்கின் தீவைக் கைப்பற்றிய படைகளுக்கு வான்துணை அளித்ததே முதற்போர். அதுவே கடைசிப் போரும் ஆயிற்று.

நவம்பர் 24 அன்று, விடியுமுன், காவலுக்கு நின்ற நாசகாரிக் கப்பல்களில் இரண்டு வேறு பணிக்காக விலகியிருந்த நேரத்தில், ஜப்பானின் ஐ-175 நீர்மூழ்கி எய்த டார்பிடோ கப்பலின் பின்பகுதியில் பாய்ந்தது. பக்கவாட்டுத் தாக்குதலைத் தாங்கும் அளவுக்குக் காப்பில்லாத குண்டுக் கிடங்கு அதனால் வெடித்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நியூ மெக்சிகோ போர்க்கப்பலின் தளத்தில் சிதைவுகள் விழுந்தன. 23 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. மீட்கப்பட்டவர்கள் 272 பேர். இறந்தவர்கள் 644 பேர். அவர்களுள் அட்மிரல் ஹென்றி முல்லினிக்ஸும் கப்பல் தலைவர் இர்விங் வில்ட்சியும் மில்லரும் அடங்குவர். மாக்கின் தீவில் தரைச்சண்டையில் மாண்ட அமெரிக்கர்கள் எழுபது பேருக்கும் குறைவே என்பதோடு ஒப்பிட்டால், அத்தீவுக்கான விலையைப் பெரும்பாலும் கடலில்தான் கொடுத்தார்கள் என்பது விளங்கும்.

துணிச்சலைப் போற்றுவது எந்தக் கடற்படைக்கும் எளிது. அவசரத்தில் கட்டிய கப்பலில், போதிய காப்பில்லாத குண்டுகளுக்கு அருகே மனிதர்களை நிறுத்தினோம் என்று தன் கப்பலுக்குள்ளேயே எழுதிவைப்பது அவ்வளவு எளிதன்று. போர்க்கால நெருக்கடி அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

ஆகவே, புதிய கப்பலில் மில்லருக்கென ஒதுக்கப்படும் இடத்தில் லிஸ்கம் பே மூழ்கிய காரணத்தை மழுப்பாமல் பொறிக்கவும், கப்பல் பணியில் சேரும் நாளில் 644 பெயர்களையும் பதவி பாராமல் அகர வரிசையில் வாசிக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அவ்வரிசையில் சமையற்காரர் மில்லருக்குச் சற்றுப் பின்னரே அட்மிரல் முல்லினிக்ஸின் பெயர் வரும்.

இப்படிக்கு,
கடற்போர் வரலாறு பயிலும் ஒரு தமிழ் வாசகன்