அம்மாவின் கழுத்துக் கட்டிக்காக உழைத்தவர்களுக்கு

அம்மாவின் தைராய்டு கட்டிக்கு ரத்தம் போகும் குழாய்களை அடைத்து, அதைச் சுருங்க வைக்கும் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. கட்டி நன்றாகவே வற்றியிருக்கிறது. தனித்தனியாக நன்றி சொல்வது தள்ளிக்கொண்டே போவதால், எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி அறுவை சிகிச்சை மருத்துவருக்கு. கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் வரை இறங்கி, மல்லாந்து படுத்தாலே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. இதயமும் பலவீனம், முழு மயக்கம் கொடுக்க மயக்க மருத்துவர் தயங்கினார். "கத்தி வைக்காமலே ஒரு வழி இருக்கு, ஆனா அது என் வேலை இல்லை" என்று சொல்லி, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (எக்ஸ்ரே படம் பார்த்தபடியே ரத்தக்குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சை) மருத்துவரை அவரே போனில் அழைத்துப் பேசினார். கைக்கு வந்த நோயாளியை இப்படி விட்டுக்கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

அந்த ரேடியாலஜி மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் நாலு கோடு போட்டார். தைராய்டுக்கு ரத்தம் போவது பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு குழாய்கள் வழியாக. தொடை இடுக்கில் ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றி, நுண்துகள்களை விட்டு அந்த ரத்தக்குழாய்களை அடைப்பார்கள். ரத்தம் குறைந்த கட்டி மெல்லச் சுருங்கும். ஒரு கோட்டை மட்டும் வட்டமிட்டு, "இதைத் தொட மாட்டேன், சுரப்பி பிழைக்கணும்" என்றார். துகள் வழிதவறி மூளைப் பக்கம் போனால் பக்கவாதம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஊசி வைத்துச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தேதியே கொடுத்தார்.

இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் அறையின் சிஸ்டருக்குத் தனி நன்றி. தொடை இடுக்கில் துளை போடும் இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி, அம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தார். தோளுக்கடியில் மெத்தை வைத்து மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான டை மருந்து ஏறும்போது முகமெல்லாம் சூடு பரவுமாம். ஒவ்வொரு படத்துக்கும் "எச்சில் முழுங்காதீங்கம்மா, அசையாதீங்க" என்று சிஸ்டர் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எங்கள் அம்மாவை அவ்வளவு நேரம் பேசவிடாமல் வைத்திருந்ததே பெரிய சாதனை.

அப்புறம், வீடு திரும்பியபின் கழுத்து வலியும் காய்ச்சலுமாக நெஞ்சு படபடத்த இரவில் போனை எடுத்த டியூட்டி டாக்டர். அடைபட்ட சுரப்பியிலிருந்து ஹார்மோன் மொத்தமாகக் கசிவதால் அப்படி ஆகலாம் என்று விளக்கி, காலையிலேயே வரச்சொல்லி, ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தார். படபடப்பு மெல்ல அடங்கியது.

இன்ஷூரன்ஸ் மேசைத் தம்பி, அறுவை சிகிச்சை இல்லாத இந்தச் சிகிச்சைக்கும் பணம் உண்டு என்று கடிதம் மேல் கடிதம் எழுதி வாங்கித் தந்தார். விழுங்கச் சிரமப்பட்ட நாட்களில் எதிர்வீட்டு அக்கா குழைய வடித்த ரசம் சாதத்தை நாங்கள் கேட்காமலே கொண்டுவந்தார்.

விசாரிக்கிற உறவினர்களுக்கு ஒன்று: எல்லாத் தைராய்டு கட்டிக்கும் இது பொருந்தாது. சின்னக் கட்டிகள் பலவற்றுக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது அம்மா கையால் சுட்ட அதிரசம் வரும். சர்க்கரை இருக்கிற டாக்டருக்கு மட்டும் முறுக்கு.

அன்புடன்,
மகளும் குடும்பத்தாரும்